ஈரம் காயாத வட்டு

ஆய்வுக்கூடத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துறைத்தலைவி முதல் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் வட்டக்காதான்.

வந்த புதிதில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதுதான் அவள் வேலை. அப்புறம் ஒருநாள், சோதனைக்காக வெளியிலிருந்து வாங்கும் காகித வட்டுகள் தீர்ந்துபோய் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அலுவலகத்தில் காகிதத்துக்குத் துளை போடுகிற கருவியை எடுத்து வந்து வடிதாளில் டக் டக் என்று துளையிட்டு, விழுந்த சின்னச் சின்ன வட்டங்களை ஒரு கிண்ணத்தில் அள்ளி, "இது ஆகுமா பாருங்க மேடம்" என்று நீட்டினாள். ஆனது. அன்றிலிருந்து வட்டுகள் அவள் பொறுப்பு. பேரும் ஒட்டிக்கொண்டது.

அந்த ஆய்வுக்கூடத்தில் மருந்துச் செடிகளின் விதைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எந்த விதையின் சாறு கிருமியைக் கொல்கிறது, எந்த விதைச் சாறு உடம்புக்குள் நடக்கும் சீரழிவைத் தடுக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. விதையைக் கழுவி உலர்த்தி இடிப்பவள் வட்டக்கா. இடித்த தூளை மெத்தனாலில் ஊற வைப்பவளும் அவளே. "சாராயத்துக்குப் பங்காளி. ஆனா குடிச்சா கண்ணு போயிடும், உசிரும் போயிடும்" என்று புதிதாக வருகிற மாணவிகளை மிரட்டி வைப்பாள். ஊறியதை வடிகட்டி, வெந்நீரின் மேல் வைத்து மெத்தனாலைப் பறக்கவிட்டால், குடுவையின் அடியில் கறுப்பாக, பிசுபிசு என்று ஒரு களிம்பு நிற்கும். அதுதான் விதையின் சாரம்.

அந்தச் சாரத்தில் கொஞ்சம் எடுத்து மறுபடி மெத்தனாலில் கரைத்து, காகித வட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வட்டைச் சூட்டுப் பெட்டியில் வைத்து நன்றாகக் காய வைக்க வேண்டும். காய்ந்த பிறகு, கிருமியைத் தடவி வைத்திருக்கும் தட்டின் மேல் அதைப் பதிக்க வேண்டும். மறுநாள் காலையில் தட்டைத் திறந்தால் கிருமி வெண்படலமாகப் பரவியிருக்கும். சாரத்துக்குச் சக்தி இருந்தால், வட்டைச் சுற்றி மட்டும் கிருமி அண்டாமல் கண்ணாடிபோல் தெளிவாக ஒரு வளையம் தெரியும். ஒவ்வொரு தட்டிலும் மூன்று வட்டுகள். ஒன்றில் மருந்துக்கடை மருந்து. ஒன்றில் விதைச் சாரம். மூன்றாவது வெறும் வட்டு. அதில் மெத்தனாலை மட்டும் விட்டுக் காய வைத்திருப்பார்கள். வெறும் வட்டைச் சுற்றி வளையம் வரக்கூடாது. வந்தால் சோதனையே தப்பு.

வெறும் வட்டுகளை வட்டக்கா மொத்தமாகச் செய்து, காய வைத்து, ஒரு குப்பியில் போட்டு வைத்துக்கொள்வாள். சாரம் விட்ட வட்டுகளை மட்டும் அன்றன்றைக்குச் செய்வாள். பிற்பாடு அவள் தலையெழுத்தை மாற்றியது இந்தச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் யாருக்கு அது அப்போது தெரியும்?

அவள் புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டு, கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, காலையிலிருந்து மிதிப்பார். சர்க்கரை வியாதி அவரைப் பிடித்துப் பல காலம் ஆகிவிட்டது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. ஆனால் மனிதருக்கு வாய் மட்டும் குறையவில்லை. "காலு மரத்துப் போனா என்ன? மெஷினுக்கு மட்டும் காலுல உணர்ச்சி இருக்கா? அது ஓடலையா?" என்பார்.

ஒரு மாலை வட்டக்கா வேலையிலிருந்து வந்தபோது, முன்னறைத் தரையில் மெஷினுக்கும் வாசலுக்கும் நடுவே சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. சிவப்புத் துணியின் துண்டுகள் என்று நினைத்துக் குனிந்தாள். தொட்டாள். ஈரம்.

"ஏங்க, காலைத் தூக்குங்க."

"எதுக்கு? இந்தக் கைப்பட்டியை முடிச்சுடறேன், இரு."

"தூக்குங்கன்னா!"

வலது உள்ளங்காலில் உடைந்த மெஷின் ஊசி ஒன்று பாதிக்குமேல் உள்ளே போயிருந்தது. அந்தக் காலோடு அவர் பகல் முழுவதும் மிதித்திருக்கிறார். அவருக்கு அது தெரியவே இல்லை. வட்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியைப் பிடுங்கி எடுத்தாள். அவரோ ஊசியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இதைத்தான் காலையிலேருந்து தேடிட்டிருந்தேன்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே இறுகிவிட்டது. அவருடைய அப்பாவும் இப்படித்தான் ஒரு சின்னப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு கால் என்று துண்டு துண்டாக எடுத்தார்கள். கடைசியில் ஆளே இல்லை. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த மகன் அவர்.

"இந்தக் கால் இருக்கிற வரைக்கும்தான் நான் தையல்காரன். என் காலை வெட்ட விடமாட்டேன்னு சொல்லு. சொன்னா, நீ என்ன வைத்தியம் பண்ணாலும் பண்ணிக்கறேன்."

"என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி…"

"சொல்லு."

சொன்னாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மருந்துக்கடையில் களிம்பு வாங்கி வந்தாள். ஒவ்வொரு நாளும் மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடிவந்து கட்டைப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டிவிட்டு ஓடுவாள். புண் ஆறவில்லை. அகலவும் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ எதிர்பார்ப்பதுபோல் அப்படியே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வுக்கூடத்தில் பப்பாளி விதையின் முறை வந்தது.

முதலில் ஊதாச் சோதனை. ஆழ்ந்த ஊதா நிறத்தில் ஒரு திரவம். அதில் விதைச் சாரத்தை விட்டதும் ஊதா வெளுத்து, வெளுத்து, மஞ்சளாகிப் போனது. வட்டக்கா வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். துறைத்தலைவி சிரித்தார்.

"இரும்பு துருப்பிடிக்குதுல்ல வட்டக்கா? அந்த மாதிரி உடம்புக்குள்ளயும் ஒண்ணு நடக்குது. இந்த விதை அதைத் தடுக்குது. நாம பழத்தைத் தின்னுட்டுத் தூக்கிப் போடற விதை!"

அடுத்தது கிருமிச் சோதனை. அன்றைக்கு வட்டக்காவின் உடம்பு மட்டும்தான் ஆய்வுக்கூடத்தில் இருந்தது, மனசு வீட்டில் இருந்தது. காலையில் புருஷனின் காலில் சுற்றிய துணியில் மஞ்சளாக நீர் கசிந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சாரத்தை வட்டுகளில் விட்டாள். சூட்டுப் பெட்டியில் வைத்தாள். இடைவேளை மணி அடித்ததும், விரல் நுனியால் ஒரு வட்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த மாதிரிதான் இருந்தது. தட்டில் பதித்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் தட்டைத் திறந்த ஆராய்ச்சி மாணவி ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், காவலாளி எழுந்து ஓடிவந்துவிட்டார்.

"மேடம்! வளையத்தைப் பாருங்க! மருந்துக்கடை மருந்துக்குச் சமமா இருக்கு!"

வெறும் வட்டைச் சுற்றி எதுவும் இல்லை. பப்பாளி வட்டைச் சுற்றிப் பளிங்குபோல் ஒரு பெரிய வளையம். துறைத்தலைவி மறுபடி செய்து பார்க்கச் சொன்னார். மறுபடி செய்தார்கள். மறுபடியும் வட்டக்கா இடைவேளைக்கு ஓடும் அவசரத்தில்தான் வட்டைப் பதித்தாள். மறுபடியும் வளையம். மாணவி அவளைக் கட்டிப்பிடித்து, "உங்க கை ராசி, வட்டக்கா!" என்றாள்.

வட்டக்கா அந்தத் தட்டை முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். கிருமி நெருங்கப் பயந்து விலகி நிற்கிற அந்த வளையம், அவள் கண்ணுக்குப் புருஷனின் உள்ளங்காலாகத் தெரிந்தது.

அன்று குடுவைகளைக் கழுவும்போது, அடியில் ஒட்டியிருந்த களிம்பைச் சுரண்டி ஒரு சின்னப் புட்டியில் போட்டுக்கொண்டாள். எப்படியும் கழுவி ஊற்றப்போவதுதானே? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்… ஐயோ, கேட்டிருக்கலாமே!

"என்ன இது? தார் மாதிரி இருக்கு. ரோடு போடப் போறியா?" என்றார் தையல்காரர்.

"பேசாம இருங்க. நான் என் கண்ணால பார்த்தேன். கிருமி பத்தடி தள்ளி நிக்குது."

"அப்ப என் மேல கொஞ்சம் முழுசா பூசி விடு. கடன்காரனும் பத்தடி தள்ளி நிப்பான்."

எண்ணெயில் குழைத்துப் பூசினாள். நாளடைவில் புண்ணின் மேல் கறுப்பாக ஒரு பொருக்குக் கட்டியது. நீர் கசிவது நின்றது. கொஞ்சநஞ்சம் இருந்த வலியும் போய்விட்டது. "வலியே இல்ல, தெரியுமா? உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார். வட்டக்கா பூரித்துப் போனாள். ஊசி ஏறியதே தெரியாத காலில் வலி இல்லை என்பது எதற்கு அறிகுறி என்று அவளும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. வீட்டுக்குள் பழுத்துக் கனிந்த பழம்போல ஒரு இனிப்பு வாசனை வர ஆரம்பித்தது. விதையின் வாசனை என்றுதான் நினைத்தாள்.

அவள் நாத்தனார் வந்தவள் வாசற்படியிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"என்ன அண்ணி, வீட்டுக்குள்ள எதையோ பழுக்க வெச்சிருக்கீங்களா?"

"உங்க அண்ணி எனக்குன்னு காய்ச்சின சென்ட் அது" என்றார் தையல்காரர்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து அண்ணன் காலைப் பார்த்தாள். பொருக்கைச் சுற்றிக் கணுக்கால் வரைக்கும் தோல் பளபளவென்று வீங்கி, கருஞ்சிவப்பு ஏறியிருந்தது.

"அண்ணி, அண்ணனை டாக்டர்கிட்ட காட்டுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"நான் வேலை பாக்கற இடத்துல எவ்ளோ படிச்சவங்க இதைச் சோதிச்சாங்க தெரியுமா? நான் என் கண்ணால பார்த்தேன்."

"நீங்க தட்டைப் பார்த்தீங்க. என் அண்ணன் தட்டு இல்ல, மனுஷன்."

"ஆமா, உனக்கு மட்டும்தான் உன் அண்ணன் மேல அக்கறை. நான் யாரோ வழியில போறவ!"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். அவள் போன பிறகு வட்டக்கா ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள். அந்த இனிப்பு வாசனை வெளியே போகவில்லை.

குப்பியில் இருந்த வெறும் வட்டுகள் தீர்ந்துபோன நாளில்தான் குட்டு உடைந்தது. அன்றைக்கு வெறும் வட்டையும் சாரம் விட்ட வட்டையும் ஒன்றாகச் செய்து, ஒன்றாகச் சூட்டுப் பெட்டியில் வைத்து, வழக்கமான அவசரத்தோடு ஒன்றாக எடுத்துப் பதித்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் காலை துறைத்தலைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.

"வட்டக்கா, இங்க வாங்க."

வெறும் வட்டைச் சுற்றியும் வளையம். பப்பாளிக்கு எவ்வளவோ, அவ்வளவு.

"இந்த வட்டெல்லாம் முழுசா காஞ்சுதா?"

"தொட்டுப் பார்த்தேன் மேடம்… காஞ்ச மாதிரிதான் இருந்துது…"

"உள்ள ஈரம் இருந்திருக்கு. கிருமியைக் கொன்னது மெத்தனால்." துறைத்தலைவி நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "அப்ப இதுவரைக்கும் நாம பார்த்த வளையம்…"

அதற்குமேல் வட்டக்காவின் காதில் எதுவும் விழவில்லை.  வீட்டுக் களிம்பில் மெத்தனால் இல்லை. அதை அவள்தான் சொட்டு மிச்சமில்லாமல் பறக்கவிட்டாளே. அப்படியானால் இத்தனை நாள் புருஷனின் காலில் எதைப் பூசினாள்?

இடைவேளையில் வீட்டுக்கு ஓடினாள். பொருக்கின் ஓரத்தை மெதுவாகத் தூக்கினாள். அடியிலிருந்து பச்சை கலந்த சீழ் கொப்பளித்தது. பஞ்சுக் குச்சியால் அதைத் தொட்டு எடுத்து, மூடியுள்ள குழாயில் போட்டுக்கொண்டாள்.

"என்ன, மாதிரி எடுக்கறியா? உங்க மேடத்துக்கா?" என்று தையல்காரர் கேட்டார். குரலில் பழைய துடுக்கு இல்லை.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா."

அன்று மாலை எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை. புது வட்டில் சாரத்தை விட்டு, சூட்டுப் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்து, எலும்பு மாதிரிக் காயும்வரை காத்திருந்தாள். சீழைத் தட்டில் தடவி, பப்பாளி வட்டையும் மருந்துக்கடை வட்டையும் பதித்தாள். 

காலையில் அவள் கிளம்பும்போது, "குளிருது, இன்னொரு போர்வை போடு" என்றார் புருஷன். நெற்றி கொதித்தது. நாத்தனாரை வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, ஓட்டமும் நடையுமாக ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள்.

மூடியைத் திறந்ததுமே அந்த வாசனை வந்தது. பழுத்துக் கனிந்த பழத்தின் இனிப்பு வாசனை. அவள் வீட்டு வாசனை! அது விதையின் வாசனை இல்லை. கிருமியின் வாசனை. தட்டு முழுக்க நீலம் கலந்த பச்சையாகப் படர்ந்திருந்தது. பப்பாளி வட்டின் விளிம்பு வரைக்கும் வந்து, அதன் மேலேயும் ஏறியிருந்தது. மருந்துக்கடை வட்டைச் சுற்றிக்கூட மெல்லிய கோடுபோல் ஒரு வளையம்தான்.

பின்னால் வந்து நின்ற துறைத்தலைவியின் முகம் மாறியது. "இது எங்கேருந்து எடுத்தது?"

"என் வீட்டுக்காரர் காலு, மேடம்."

துறைத்தலைவி அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார்.

வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். துறைத்தலைவி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஊதா மஞ்சளானது நிஜம் வட்டக்கா. ஆனா அது வேற, கிருமி வேற. அதை நான் உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கணும்" என்றார். வட்டக்கா சிவப்பு விளக்கு எப்போது மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். தலைமாட்டில் நாத்தனார்.

"எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"விளையாடறியா? ஆறிட்டு வருதுன்னு நீதானே சொன்ன?"

"தப்பாச் சொன்னேன். வட்டு காயல. நான் அவசரத்துல காய வைக்காம விட்டுட்டேன். அந்த மருந்துல ஒண்ணுமே இல்லீங்க." அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தொட்டாள். "ஒண்ணுமே இல்ல."

அவர் அவளையே பார்த்தார். காய்ச்சலில் கண்கள் சிவந்திருந்தன.

"வெட்ட விடமாட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"என் கையைப் பிடிச்சுச் சொன்ன."

"ஆமாங்க. பொய் சொல்லிட்டேன்னு வெச்சுக்கோங்க. எழுந்திரிங்க."

மெஷினில் பாதி தைத்த சட்டை ஒன்று கிடந்தது. போகிற வழியில் அதைத் தொட்டு, ஊசியிலிருந்து நூலைக் கழற்றிவிட்டு, துணியை மடித்து வைத்தார். அதுவரைக்கும் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அறுவை மருத்துவர் பொருக்கை நீக்கிப் பார்த்துவிட்டு, "மேல என்ன போட்டீங்க?" என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அந்த விதை கெடுதல் பண்ணல. ஆனா மேல மூடிடுச்சு. உள்ள நடந்தது உங்களுக்குத் தெரியல. நாளும் போயிடுச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "எலும்புக்குப் போயிருக்கு. ரத்தத்துல கலக்க ஆரம்பிச்சாச்சு. முழங்காலுக்கு மேல எடுத்தாத்தான் ஆள் தங்குவார். அவருக்கு நினைவு தப்பித் தப்பி வருது. நீங்கதான் சொல்லணும்."

நாத்தனார் சுவரோடு சாய்ந்து வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். தள்ளுவண்டியில் கிடந்த புருஷன் கண்ணைத் திறந்தார். வட்டக்காவைப் பார்த்தார். வேண்டாம் என்று தலை மட்டும் லேசாக ஆடியது.

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் அவள் சொன்னாள்.

"எடுத்துடுங்க டாக்டர்."

ஆள் பிழைத்தார். வீட்டுக்கும் வந்தார். ஆனால் அந்தத் தலையசைப்புக்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கை ஊட்டினால் சாப்பிடுவார். வாடிக்கையாளர் வந்தால் பேசுவார். வட்டக்கா முன்னறைக்குள் வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் மெஷினுக்கு மோட்டார் வாங்கிப் பொருத்தினாள். கையால் அழுத்தினால் ஓடும். அவர் அதன் பக்கமே போகவில்லை. மெஷினின் மேல் போட்ட உறையைக்கூட எடுக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் கிருமிச் சோதனையின் முடிவுகளை எல்லாம் அடித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்கள். துறைத்தலைவி அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. வட்டு செய்கிற வேலையிலிருந்தும் மாற்றவில்லை. இப்போது மணி அடித்தாலும் வட்டக்கா எழுந்திருப்பதில்லை. சூட்டுப் பெட்டியின் முன்னால் கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள். மாணவிகள் கை ராசி என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் அவள் விடாமல் செய்தது ஒன்று. காலையில் எழுந்ததும் வெந்நீரும் துணியும் எடுத்துப் போய், மிச்சமிருக்கும் இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பாள். அவர் எதிர்க்கவும் மாட்டார், பேசவும் மாட்டார். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒரே வீட்டில் இரண்டு பேர் இப்படியும் வாழ முடியுமா என்று நாத்தனார் அழுவாள்.

ஒரு காலை, குதிகாலின் ஓரத்தில் வட்டக்காவின் கை நின்றது. சிவப்பாக ஒரு புள்ளி. காய்ந்த துணியால் துடைத்தாள். போகவில்லை. விரலால் அழுத்தினாள். சுற்றிலும் சூடு.

 விளக்கைக் கீழே வைத்தாள். 

"கிளம்புங்க."

அவர் கூரையிலிருந்து பார்வையை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் பிடித்திருந்த தன் காலைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"மேல எதாவது போட்டியா?"

"இல்லீங்க."

"எதுவும்?"

"தண்ணிகூட இன்னும் தொடலீங்க."

அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அந்த ஊன்றுகோலை எடு. நீ முன்னாடி போய் வண்டியைக் கூப்பிடு" என்றார்.